‘செரண்டிபிட்டி’ : சொல்வேரும் பொருள்வேரும்

1. முன்னுரை

ஒரு மொழியில் வழங்கும் நுண்பொருட் பெயர்களுள் பெரும்பாலானவற்றின் பிறப்பை நாள் குறித்துக் கூற இயலாது. அன்பு, அறம், உண்மை ஆகிய சொற்களை முதன்முதலில் வழங்கியவர் யார் என்னும் வினாவுக்கு விடை காண முடியாது. ஆங்கிலத்தில் வழங்கும் ‘செரண்டிபிட்டி’ இவ்வகையில் ஒரு விலக்கு. ஆக்கியவர் பெயர், ஆக்கிய நாள், ஆக்கியதற்கான காரணம் ஆகிய மூன்றும் ஒரே ஆவணத்தில் பதிவாகியுள்ளன. இத்தகைய சொல்லைப் பற்றிக் கருத்து வேறுபாடு எழுவதற்கு இடமில்லை என்றே எவரும் எண்ணுவர்.

ஆயினும் தமிழில் இச்சொல்லைக் கையாளுவோரிடையே இருவகைப் போக்குகள் காணப்படுகின்றன. இச்சொல்லின் அடியாகிய ‘செரண்டிப்’ என்பதைச் ‘சேரன் தீவு’ எனப் பிரித்துத் தமிழ் வேர் காட்டுவது ஒன்று. இச்சொல்லை ‘நல்வாய்ப்பு’, ‘தற்செயல்’ என ஒற்றைச் சொல்லால் பெயர்த்துவிடுவது மற்றொன்று. முன்னது சொற்பிறப்பியலைச் சார்ந்தது. பின்னது மொழிபெயர்ப்பைச் சார்ந்தது. இரண்டுக்கும் அடிப்படையான குறை ஒன்றே. ஒரு சொல்லின் வடிவம் வந்த வழியும் பொருள் வந்த வழியும் வெவ்வேறாக இருக்கக்கூடும் என்பதை இரண்டும் கருத்திற் கொள்ளவில்லை. இவ்விரு வழிகளையும் பிரித்தறிந்து, அவ்வறிவு மொழிபெயர்ப்பாளருக்கு எவ்வாறு பயன்படும் என ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கம்.

2. சொல்லின் ஆக்கம்

ஆங்கில எழுத்தாளர் ஹொரேஸ் வால்போல் (1717-1797), இத்தாலியின் புளோரன்சு நகரில் ஆங்கிலேய அரசின் தூதராக இருந்த தம் நண்பர் ஹொரேஸ் மானுக்கு 1754ஆம் ஆண்டு சனவரி 28ஆம் நாள் ஒரு கடிதம் எழுதினார். மான் அவருக்குப் பியங்கா கப்பெல்லோ என்னும் பெருமாட்டியின் ஓவியத்தை அனுப்பியிருந்தார். அதனையொட்டி, வெனிசு நகரக் குலச்சின்னங்களைப் பற்றிய பழைய நூல் ஒன்றைப் புரட்டிய வால்போல், கப்பெல்லோ குடும்பச் சின்னத்துக்கும் மெடிச்சி குடும்பச் சின்னத்துக்கும் இடையே உள்ள தொடர்பை எதிர்பாராமல் கண்டார். இவ்வகைக் கண்டுபிடிப்புக்குத் தாம் ஒரு பெயர் வைத்திருப்பதாகக் கூறி, ‘செரண்டிபிட்டி’ என்னும் சொல்லை அக்கடிதத்தில் எழுதினார். ‘செரண்டிப்பின் மூன்று இளவரசர்கள்’ என்ற கதையைத் தாம் முன்பு படித்ததாகவும், அவ்விளவரசர்கள் தாம் தேடாத பொருள்களைத் தற்செயலாலும் மதிநுட்பத்தாலும் கண்டறிந்துகொண்டே சென்றதாகவும் விளக்கினார். அக்கதையை அற்பமான கதை என்றே அவர் குறிப்பிடுவது நோக்கத்தக்கது.

இச்சொல்லின் ஆக்கமுறையும் கருதத்தக்கது. ‘இட்டி’ என்னும் பின்னொட்டு இலத்தீன் மொழியிலிருந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. இது பெரும்பாலும் பெயரடைகளோடு சேர்ந்து பண்புப்பெயரை ஆக்கும். ‘சின்சியர்’ என்னும் பெயரடையிலிருந்து ‘சின்சியரிட்டி’ பிறப்பது இம்முறையில். வால்போலோ ஓர் இடப்பெயரோடு நேரடியாக இவ்வொட்டைச் சேர்த்துவிட்டார். தமிழில் ‘மதுரைமை’ என்று ஒருவர் ஆக்கினால் எவ்வாறு ஒலிக்குமோ அவ்வாறே அக்காலத்து ஆங்கிலேயர் செவிக்கு இஃது ஒலித்திருத்தல் வேண்டும். நண்பர்க்கிடையே விளையாட்டாக ஆக்கப்பட்ட சொல் என்பதை அதன் அமைப்பே காட்டுகிறது.

இடப்பெயர் பொதுப்பெயராவது ஆங்கிலத்துக்குப் புதிதன்று. இலண்டனில் இருந்த பெத்லகேம் மனநல மருத்துவமனையின் பெயர் மருவிப் ‘பெட்லம்’ என்றாகிப் பெருங்கூச்சலையும் குழப்பத்தையும் குறித்தது. அங்கே இடத்தில் நிகழ்ந்ததே சொல்லுக்குப் பொருளாயிற்று. ‘செரண்டிபிட்டி’யில் அவ்வாறில்லை. கதையின் நிகழ்ச்சிகள் அத்தீவில் நிகழ்வதில்லை; இளவரசர்கள் அதை விட்டு வெளியேறிய பின்னரே நிகழ்கின்றன. தீவு அவர்களுடைய பிறந்த இடம் மட்டுமே. ஆகவே, தீவின் வளமோ பெயர்க்காரணமோ இச்சொல்லின் பொருளுக்கு எவ்வகையிலும் அடிப்படையாகவில்லை.

இதனை ஆங்கில எழுத்தாளர்களும் சில வேளைகளில் மறந்துவிடுகின்றனர். வில்லியம் பாய்டு 1998இல் வெளியிட்ட ‘ஆர்மடில்லோ’ என்னும் புதினத்தில் இச்சொல்லுக்கு எதிர்ச்சொல்லாகச் ‘செம்பிளானிட்டி’ என்பதை ஆக்கினார். தெற்கிலுள்ள வெப்பமும் செழுமையும் மிக்க தீவுக்கு எதிராக வடக்கிலுள்ள பனி மூடிய செம்பிளாவை வைத்து அவர் அச்சொல்லை அமைத்தார். நயமான ஆக்கமே எனினும், தீவின் தட்பவெப்பத்திலிருந்து பொருள் பிறந்தது போன்ற தோற்றத்தை இது தருகிறது.

3. தீவின் பெயர்

‘செரண்டிப்’ என்பது அரபு, பாரசீக மொழிகளில் ‘சரண்தீப்’ என வழங்கிய இலங்கையின் பெயர். இதற்கு மூலம் ‘சிம்ஹளத்வீப’ என்னும் வடமொழிப் பெயர் அல்லது அதனோடு ஒத்த ‘சீஹளதீப’ என்னும் பாலி வடிவம் என்பது அறிஞர் பெரும்பாலார் கொள்கை. இதற்கான சான்றுகள் பின்வருமாறு:

(அ) கி.பி. 2ஆம் நூற்றாண்டினரான தாலமி இத்தீவைச் ‘சாலிகே’ என்றும் அங்கு வாழ்வோரைச் ‘சாலை’ என்றும் குறிக்கிறார்.

(ஆ) கி.பி. 4ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த உரோம வரலாற்றாசிரியர் அம்மியானஸ் மார்செல்லினஸ், பேரரசர் சூலியனிடம் தூது அனுப்பிய தொலைநாட்டு மக்களுள் ‘செரெண்டிவி’ என்போரைக் குறிப்பிடுகிறார். ரகரம் கொண்ட வடிவத்துக்கு இது மிகப் பழைய சான்று.

(இ) கி.பி. 6ஆம் நூற்றாண்டில் எழுதிய காஸ்மாஸ் இண்டிகோப்ளூஸ்தஸ், கிரேக்கர் ‘தப்ரபனே’ என்று அழைக்கும் தீவை இந்தியர் ‘சியலெதிபா’ என்று அழைப்பதாகக் கூறுகிறார். லகரம் கொண்ட இவ்வடிவம் ‘சீஹளதீப’ என்பதோடு அப்படியே பொருந்துகிறது.

(ஈ) 11ஆம் நூற்றாண்டினரான அல்பிரூனி, ‘சிங்கல்தீப்’ என்பதும் ‘சரண்தீப்’ என்பதும் ஒரே தீவின் பெயர்கள் என இணைத்துக் காட்டுகிறார்.

இவற்றுள் ரகர லகர மாற்றம் எளிதில் விளக்கத்தக்கது. இந்தோ-ஆரிய மொழிகளில் இவ்விரு ஒலிகளும் தம்முள் மயங்குவது பரவலான நிகழ்ச்சி. மேலும், பாரசீகத்தின் இடைக்கால மொழியாகிய பகலவியின் எழுத்துமுறையில் இவ்விரு ஒலிகளுக்கும் ஒரே வரிவடிவம் பெரிதும் பயன்பட்டது. இந்தியப் பெருங்கடல் வணிகத்தில் பாரசீகர் முதன்மை பெற்றிருந்த காலத்தில் இப்பெயர் அவர்கள் வழியாகப் பரவியிருக்கக்கூடும்.

மூக்கொலியின் இடம் அவ்வளவு எளிதாக விளங்குவதில்லை. ‘சிம்ஹள’ என்பதில் மூக்கொலி முதலசையில் உள்ளது. ‘செரெண்’ என்பதில் இரண்டாம் அசையில் உள்ளது. ஒலி இடம்பெயர்ந்தது என்றோ தகரத்துக்கு முன் புதிதாகத் தோன்றியது என்றோ கொள்ள வேண்டியுள்ளது. பெரும்பாலார் கொள்கையில் வலுக்குறைந்த இடம் இதுவே. இதனை மறைப்பதால் ஆய்வுக்குப் பயனில்லை. ஏனெனில், ‘சேரன் தீவு’ விளக்கம் காலூன்றுவது சரியாக இந்த இடத்திலேதான்.

4. ‘சேரன் தீவு’ விளக்கம்

‘சேரன் தீவு’ என்பதை விரைந்து ஒலித்தால் ‘செரண்டிவ்’ என்பதற்கு மிக நெருங்கிய ஒலி கிடைக்கிறது. முதலெழுத்து, ரகரம், மூக்கொலி, தகரம் ஆகிய நான்கும் வரிசை மாறாமல் பொருந்துகின்றன. எவ்வித ஒலிமாற்றத்தையும் வேண்டாத விளக்கம் என்பதே இதன் கவர்ச்சி. ஆயினும் ஒலியொப்புமை ஓர் ஐயத்தை எழுப்பலாமே தவிர, அவ்வையத்தைத் தானே தீர்த்துவிடாது. இவ்விளக்கத்தை நான்கு வகையில் சோதித்தல் வேண்டும்.

4.1 வழக்குச் சான்று. இத்தீவுக்குத் தமிழர் இட்ட பெயர் எனின் தமிழில் அப்பெயர் வழங்கியிருத்தல் வேண்டும். பட்டினப்பாலை இத்தீவை ஈழம் என்கிறது. சிலப்பதிகாரமும் மணிமேகலையும் இலங்கை என வழங்குகின்றன. ‘ஈழம்’ என்பது ‘சீஹள’த்தின் திரிபா, தனித்தமிழ்ச் சொல்லா என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் ‘சேரன் தீவு’ என்னும் பெயர் பழந்தமிழ் இலக்கியத்தில் ஆளப்படவில்லை. குறிப்பாகச் சிலப்பதிகாரத்தின் சான்று இங்குக் கருதத்தக்கது. சேரர் குடியில் பிறந்தவராகச் சொல்லப்படும் இளங்கோவடிகளின் காப்பியம் அது. சேரன் செங்குட்டுவன் கண்ணகிக்குக் கோயில் எடுத்தபோது இலங்கை வேந்தன் கயவாகுவும் வந்திருந்ததாக அது கூறுகிறது. சேரனுடைய தீவாக அஃது இருந்திருப்பின், சேரர் பெருமை பேசும் அக்காப்பியமே அதனை வேறொரு வேந்தனுடைய நாடாகக் கூறியிராது.

4.2 தொகை அமைப்பு. குடிப்பெயரோடு நிலப்பெயர் சேரும்போது தமிழில் ‘அன்’ ஈறு நிற்பதில்லை. சேரநாடு, சோழநாடு, பாண்டிநாடு என்பனவே வழக்கு. சேரன்நாடு, சோழன்நாடு என்பன வழக்கன்று. இம்முறைப்படி ‘சேரத்தீவு’ என்றே பெயர் அமைதல் வேண்டும். அவ்வாறு அமைந்தால் மூக்கொலி இல்லாமற் போகிறது. விளக்கத்தின் வலிமையான பகுதியும் அதனோடு போகிறது. நெல்லைப் பகுதியிலுள்ள சேரன்மாதேவி என்னும் ஊர்ப்பெயரை இதற்கு எதிராகக் காட்டலாம். அங்கே ‘சேரனின் மாதேவி’ என ஓர் அரசியின் பெயர் ஊர்ப்பெயராகியுள்ளது. அஃது ஆட்பெயர்த் தொகை, நிலப்பெயர்த் தொகையன்று.

4.3 புணர்ச்சி. னகர ஈற்றின் முன் வரும் தகரம் றகரமாகத் திரியும் என்பது நன்னூலும் கூறும் விதி. இதன்படி பழந்தமிழில் ‘சேரன்’, ‘தீவு’ என்னும் இரு சொற்களும் புணர்ந்தால் ‘சேரன்றீவு’ என்றாகும். அயலார் செவியில் அது வேறு வகையாகவே பதிந்திருக்கும். இன்று முழுமையாகத் தோன்றும் ஒலியொப்புமை, இக்காலத்தில் சொற்களைப் பிரித்தெழுதும் முறையால் கிடைப்பது. 4ஆம் நூற்றாண்டுக்கு அதனை ஏற்றிச் சொல்வது பொருந்தாது.

4.4 அயலார் வழக்கு. சேரரை அயலார் எவ்வாறு குறித்தனர் என்பதும் கருதத்தக்கது. அசோகரின் கல்வெட்டு ‘கேரளபுத்ர’ என்னும் பெயரின் திரிபைத் தருகிறது. பெரிப்ளூஸ் ஆசிரியர், பிளினி, தாலமி ஆகிய மூவரும் அப்பெயரைக் ககரத்தை முதலாகக் கொண்டே எழுதினர். தமிழகத்தினுள் புகளூர்க் கல்வெட்டு சகர வடிவைக் காட்டுகிறது என்பதால் இச்சான்று தனித்து முடிவு தராது. எனினும் ஏனைய மூன்றுக்கும் இது துணைச் சான்றாகும்.

இவற்றோடு காஸ்மாஸ் தரும் லகர வடிவத்தையும் அல்பிரூனி தரும் நேரடி இணைப்பையும் சேர்த்து நோக்கினால், பெரும்பாலார் கொள்கையே ஏற்கத்தக்கது என்பது பெறப்படும். ஒரு கொள்கையில் விளக்கப்படாத ஓர் ஒலி எஞ்சியிருக்கிறது. மற்றொன்றில் ஒலி முழுதும் பொருந்துகிறது. சான்று ஒன்றுகூட இல்லை. சொற்பிறப்பியல் முன்னதையே தேர்ந்தெடுக்கும். தமிழ்ச் சொற்பிறப்பாய்வின் மதிப்பும் இத்தகைய தேர்விலேயே தங்கியுள்ளது. ‘அரிசி’, ‘இஞ்சி’ போன்ற சொற்களுக்கும் மேலை மொழிச் சொற்களுக்கும் உள்ள உறவு வலிமையான சான்றுகளோடு பேசப்படுவது. சான்றற்ற ஒன்றை அவற்றோடு சேர்த்துப் பட்டியலிட்டால், சான்றுள்ளவற்றையும் பிறர் ஐயுறுவர்.

இவ்விடத்தில் மற்றொன்றும் கூறத்தக்கது. ‘தீவு’ என்னும் சொல்லே ‘த்வீப’ என்பதன் வழிவந்தது. மாலத்தீவு, இலட்சத்தீவு ஆகியவற்றின் அயல்மொழிப் பெயர்களிலும் இதே சொல் உள்ளது. எனவே பெயரின் பிற்பகுதி எந்த விளக்கத்துக்கும் தனிச் சான்றாகாது.

5. கதையும் பொருளும்

பெயர் வந்த வழி இதுவாக, பொருள் வந்த வழி வேறாகும். 1557இல் வெனிசு நகரில் மிக்கேலே திரமெசினோ என்பவர் ஒரு நூலை வெளியிட்டார். செரண்டிப்பு மன்னனின் மூன்று இளம் புதல்வர்களுடைய பயணத்தைக் கூறுவது அந்நூல். பாரசீகத்திலிருந்து இத்தாலியத்துக்கு அதனைப் பெயர்த்தவர் கிறிஸ்தோபோரோ அர்மேனோ என நூல் கூறுகிறது. அதன் முதன்மையான மூலம், தில்லியில் வாழ்ந்த அமீர் குஸ்ரோ 1302இல் பாரசீகத்தில் இயற்றிய ‘ஹஷ்த் பிகிஷ்த்’ என்னும் காப்பியம். இத்தாலிய நூலைத் தழுவிய பிரெஞ்சு நூல் 1719இலும், அதிலிருந்து பெயர்க்கப்பட்ட ஆங்கில நூல் 1722இலும் வெளிவந்தன. ஆக, இந்தியாவில் எழுந்த ஒரு பாரசீகக் கதை நான்கு மொழிகளைக் கடந்து வால்போலின் கைக்குச் சென்றது.

கதையின் மையம் காணாமற்போன ஓர் ஒட்டகம். வழியின் ஒருபுறத்துப் புல் மட்டும் மேயப்பட்டிருப்பதைக் கண்ட இளவரசர்கள் ஒட்டகத்துக்கு ஒரு கண் குருடு என அறிகின்றனர். மென்று விழுந்த புல்லின் அளவைக் கொண்டு அதற்கு ஒரு பல் இல்லை என்கின்றனர். அடிச்சுவட்டைக் கொண்டு அது நொண்டி என்கின்றனர். ஒருபுறம் எறும்பும் மறுபுறம் ஈயும் மொய்ப்பதால் அது வெண்ணெயும் தேனும் சுமந்து சென்றது எனத் துணிகின்றனர். காணாத ஒட்டகத்தை இவ்வளவு துல்லியமாக விவரித்ததால் திருடர் எனப் பிடிபட்டு, பின்னர் ஒட்டகம் கிடைத்ததும் விடுதலை பெற்று அரசனால் சிறப்பிக்கப்படுகின்றனர். வால்போல் இக்கதையை நினைவிலிருந்து எழுதியபோது ஒட்டகத்தைக் கோவேறு கழுதையாக்கிவிட்டார்.

இக்கதை தமிழுக்கும் அயலானதன்று. அளகாபுரி அரசனையும் அவனுடைய நான்கு மந்திரிகளையும் பற்றிய தமிழ்க் கதையில் இதே நிகழ்ச்சி சிற்சில மாற்றங்களோடு உள்ளது. நடேச சாஸ்திரியார் ஆங்கிலத்தில் பெயர்த்த அக்கதையை டபிள்யூ. ஏ. கிளௌஸ்டன் 1889இல் வெளியிட்ட கீழைநாட்டுக் கதைத் தொகுதியில் காணலாம். அங்கே நால்வரும் காணாமற்போன ஒட்டகத்தின் இயல்புகளை உரைத்து, அவ்வறிவுத் திறத்தினாலேயே மந்திரிப் பதவி பெறுகின்றனர். யூதர்களின் தல்மூதிலும் அரபு வரலாற்றாசிரியர் மசூதியின் நூலிலும் இதன் வேறு வடிவங்கள் உள்ளன. எல்லா வடிவங்களிலும் கதை போற்றுவது உய்த்துணரும் ஆற்றலையே. தற்செயல் என்பது ஒட்டகம் சென்ற வழியில் அவர்கள் சென்றது மட்டுமே.

வால்போல் தரும் மற்றோர் எடுத்துக்காட்டும் இத்தகையதே. கிளாரண்டன் பிரபுவின் வீட்டில் விருந்துண்ட சாப்ட்ஸ்பரி பிரபு, தாய் தன் மகளுக்குக் காட்டிய மரியாதையைக் கண்டு, அப்பெண்ணுக்கும் யார்க் கோமகனுக்கும் மறைவாகத் திருமணம் நடந்துவிட்டதை அறிந்தார். விருந்துக்குச் சென்றது தற்செயல். மரியாதையின் வேறுபாட்டை உணர்ந்தது நுட்பம். ஆக, ஆக்கியோன் கருத்துப்படி இச்சொல்லின் பொருளில் மூன்று கூறுகள் உள்ளன: தேடாமை, தற்செயல், மதிநுட்பம். மூன்றனுள் எடுத்துக்காட்டுகள் மிகுதியாக வலியுறுத்துவது மூன்றாவதையே.

6. பொருளின் நகர்வு

வால்போலின் இக்கடிதம் 1833இல்தான் அச்சேறியது. அதன் பின்னரும் நெடுங்காலம் எவரும் இச்சொல்லைப் பொருட்படுத்தவில்லை. 1875இல் எட்வர்டு சாலி என்பார் ‘நோட்ஸ் அண்டு குவெரீஸ்’ இதழில் இதனை எடுத்தாண்டார். அதன்பின் நூற்பற்றாளரிடையே இது வழங்கலாயிற்று. பழைய புத்தகக் கடைகளில் எதிர்பாராமல் அரிய நூல் கிடைப்பதை அவர்கள் இச்சொல்லால் குறித்தனர்.

20ஆம் நூற்றாண்டில் அறிவியலார் இதனைக் கைக்கொண்டனர். உடலியல் அறிஞர் வால்டர் கேனன் 1945இல் வெளியிட்ட நூலில் இதற்குத் தனி இயலே ஒதுக்கினார். சமூகவியல் அறிஞர் இராபர்ட் மெர்ட்டன் இதனை ஆய்வுமுறையின் கலைச்சொல்லாக்கினார். எதிர்பாராததும், நடப்புக் கொள்கையோடு பொருந்தாததும், புதிய கொள்கைக்கு இடந்தருவதுமான ஒரு தரவை ஆய்வாளர் எதிர்கொள்வதை அவர் இதனால் சுட்டினார். மெர்ட்டனும் எலினார் பார்பரும் இச்சொல்லின் வரலாற்றை எழுதி 1958இல் முடித்த நூல், 2002இல் இத்தாலியத்திலும் 2004இல் ஆங்கிலத்திலும் வெளிவந்தது.

பொதுவழக்கில் இச்சொல் வேறு திசையில் சென்றது. மதிநுட்பம் என்னும் கூறு படிப்படியாகத் தேய்ந்து, இனிய தற்செயல் என்பதே எஞ்சியது. ஆகவே, இன்றைய ஆங்கிலத்தில் இச்சொல்லுக்கு இரு பொருள்கள் உள்ளன எனலாம். ஒன்று கலைச்சொற்பொருள், மூன்று கூறுகளையும் கொண்டது. மற்றொன்று பொதுப்பொருள், முதலிரு கூறுகளோடு நிற்பது. மூலத்தில் எப்பொருள் வந்துள்ளது எனத் தெளியாமல் தமிழ்ச்சொல்லைத் தேர்வது இயலாது.

7. தமிழில் பெயர்ப்பு

தமிழ்ப் பழமொழி வழக்குகள் சிலவற்றை இம்மூன்று கூறுகளோடு ஒப்பிட்டு நோக்கலாம். ‘காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது போல’ என்பதில் தற்செயல் உண்டு; மதிநுட்பம் இல்லை. வடமொழியின் காகதாலீய நியாயமும் இதுவே. புழு அரித்த கோடு எழுத்தாக அமைந்துவிடுவதைச் சொல்லும் குணாட்சர நியாயத்திலும் அறிவுக்கு இடமில்லை. ‘கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்தது போல’ என்பதில் தேடிய பொருளே கிடைக்கிறது. எனவே தேடாமை என்னும் முதற்கூறு இல்லை. ‘பழம் நழுவிப் பாலில் விழுந்தது போல’ என்பது நன்மைமேல் நன்மை சேர்வதை மட்டும் கூறும். இவற்றுள் எதுவும் வால்போலின் சொல்லுக்கு முழுநிகர் ஆகாது. பழமொழியைக் கொண்டு பெயர்க்க விரும்புவோர், எந்தக் கூற்றை இழக்கிறோம் என்பதை அறிந்தே பெயர்த்தல் வேண்டும்.

‘ஆகூழ்’, ‘நற்பேறு’, ‘அதிருஷ்டம்’ ஆகியன பயனை மட்டும் சுட்டுவன; அது கிடைத்த முறையைச் சுட்டுவன அல்ல. பரிசுச்சீட்டில் பணம் விழுவதும் இவற்றுள் அடங்கும். ‘தற்செயல் கண்டுபிடிப்பு’ என்பது ஓரளவு நெருங்கி வருகிறது. எனினும் அது நிகழ்ச்சியின் பெயர். மூலச்சொல் ஆற்றலையும் குறிக்கும். ஒருவரிடம் அவ்வியல்பு உள்ளது எனச் சொல்லுதற்கும் ஏற்றது. மேலும் ‘தற்செயல்’ என்னும் அடை கண்டுபிடித்தவரின் பங்கைக் குறைத்துவிடுகிறது.

இக்குறை சொல்லளவில் நிற்பதன்று. 1928இல் இலண்டன் புனித மேரி மருத்துவமனையில் அலெக்சாண்டர் பிளெமிங், விடுமுறை முடிந்து திரும்பியபோது, தாம் வளர்த்த நுண்ணுயிர்த் தட்டு ஒன்றில் பூசணம் படிந்திருப்பதையும் அதனைச் சுற்றி நுண்ணுயிர்கள் அழிந்திருப்பதையும் கண்டார். பூசணம் படிந்தது தற்செயல். கெட்டுப்போன தட்டு எனக் கழித்துவிடாமல், சுற்றியுள்ள வெற்றிடத்தின் பொருளை உணர்ந்தது அவரது பயிற்சி. பெனிசிலின் அதிருஷ்டத்தால் கிடைத்தது எனத் தமிழ்ப் பாடநூல் ஒன்று எழுதுமாயின் மாணவர் பெறும் பாடம் ஒன்று. எதிர்ப்பட்டதைப் பயின்ற கண் கண்டுகொண்டது என எழுதுமாயின் பெறும் பாடம் வேறு. அடிப்படை ஆய்வுக்கு நிதி வேண்டும் என வாதிடுவோரும் இச்சொல்லை ஆளுகின்றனர். பயன் முன்கூட்டித் தெரியாத ஆய்விலும் பயின்றவர் கண்ணுக்குப் பயன் புலப்படும் என்பது அவர்களது வாதம். அங்கே ‘அதிருஷ்டம்’ எனப் பெயர்த்தால் வாதமே தலைகீழாகிவிடும்.

பிற மொழிகளின் நிலையும் ஒப்பிடத்தக்கது. பிரெஞ்சு ‘செரான்திபித்தே’ என்றும், இத்தாலியம் ‘செரெந்திபித்தா’ என்றும், ஸ்பானியம் ‘செரெந்திப்பியா’ என்றும் ஒலிபெயர்த்துக் கொண்டன. அம்மொழிகளில் ‘இட்டி’ என்னும் ஒட்டுக்கு உறவான ஒட்டுகள் இருப்பதால் சொல் இயல்பாகப் பொருந்திவிடுகிறது. தமிழில் அவ்வாய்ப்பு இல்லை. ‘செரண்டிபிட்டி’ எனத் தமிழில் எழுதினால், அடியையும் ஒட்டையும் பிரித்தறிய இயலாத ஒரு முழுச்சொல்லாகவே படிப்போருக்கு அது தோன்றும். ஆகவே ஒலிபெயர்ப்பு, சொல்லின் வரலாறே பேசுபொருளாக உள்ள இடங்களுக்கு மட்டும் ஏற்புடையது.

கலைச்சொற்பொருளில் வரும் இடங்களுக்கு ‘எதிர்ப்பட்டுணர்தல்’ என்னும் ஆக்கத்தைக் கருதலாம். ‘எதிர்ப்படுதல்’ என்னும் வினை தமிழில் தேடாது சந்தித்தலைக் குறிப்பது; அகப்பொருள் இலக்கணத்திலும் தலைவனும் தலைவியும் முன்னேற்பாடின்றிக் காணுதலுக்கு வழங்குவது. தேடாமையும் தற்செயலும் அதனுள் அடங்கும். ‘உணர்தல்’ மதிநுட்பத்தைத் தரும். ஆற்றலைக் குறிக்குமிடத்து ‘எதிர்ப்பட்டுணர் திறன்’ எனவும் விரிக்கலாம். பொதுப்பொருளில் வரும் இடங்களுக்குத் ‘தேடாப்பேறு’ என்பது போதும். கதை, கட்டுரை நடையில் ‘தேடாமற் கண்டடைந்தது’ என வினையாக மாற்றுவதே பெரும்பாலும் இயல்பாக அமையும். ஆங்கிலப் பெயர்ச்சொல்லுக்குத் தமிழிலும் பெயர்ச்சொல்லே வேண்டும் என்னும் கட்டாயம் இல்லை.

8. முடிவுரை

‘செரண்டிபிட்டி’யின் வடிவம் ‘சிம்ஹளத்வீப’ என்னும் தீவுப்பெயரிலிருந்து பாரசீக, அரபு மொழிகளின் வழியாக வந்தது. மூக்கொலியின் இடம் குறித்து ஐயம் எஞ்சினும், ‘சேரன் தீவு’ விளக்கத்துக்கு வழக்குச் சான்று இல்லை; தொகை அமைப்பும் புணர்ச்சியும் அதற்கு எதிராக உள்ளன. பொருளோ தீவிலிருந்து வரவில்லை. குஸ்ரோவின் காப்பியத்திலும் நான்கு மந்திரிகள் கதையிலும் காணும் ஒட்டகக் கதையிலிருந்து வந்தது. தமிழகத்துக்கு இச்சொல்லோடு உள்ள உண்மையான தொடர்பும் அக்கதை வழியாகவே அமைகிறது. வேர்ச்சொல்லில் உரிமை தேடுவோர் கவனியாது விட்ட தொடர்பு இது.

ஆங்கில-தமிழ் அகராதிகள் இச்சொல்லுக்கு இரு பொருள்களையும் தனித்தனியே எண்ணிட்டுத் தருதல் வேண்டும். மொழிபெயர்ப்பாளர் தம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டிய வினா ஒன்றே: மூலத்தில் எதிர்ப்பட்டது மட்டும் பேசப்படுகிறதா, அதைக் கண்டுகொண்டவரும் பேசப்படுகிறாரா? கண்டுகொண்டவர் பேசப்படும் இடத்தில் அவரை விட்டுவிடும் எந்தத் தமிழ்ச்சொல்லும், அது எவ்வளவு இனிமையாக ஒலித்தாலும், அவ்விடத்துக்கு உரிய சொல்லாகாது.